கோபம் யாரிடம் போய்ச் சேர்ந்தது?

ஐயாவுக்கு வணக்கம்.

நான் ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். என் அண்ணா கமம் செய்கிறவர். 2024 பாராளுமன்றத் தேர்தலில் யார் நிற்கிறார்கள் என்றே பார்க்காமல், 'இவங்களுக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேணும்' என்று ஒரு சின்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்தார். விருப்பு இலக்கம் ஒன்றும் போடவில்லை. ஆறு மாதம் கழித்து உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அதற்குள் புதியவர்கள் மீதும் கோபம் வந்துவிட்டது. திரும்பவும் பாடம் படிப்பிக்க மற்றப் பக்கம் போட்டார். எங்கள் வட்டாரத்தில் யார் வென்றது என்று கேட்டேன், தெரியாது என்றார். நான் பட்டதாரி. எல்லாவற்றையும் வாசித்து, யோசித்துத்தான் வாக்களிக்கிறேன். என் ஒரு வாக்கை இப்படியான பத்து வாக்குகள் அடித்துக்கொண்டு போகின்றன. படித்தவர்கள் மட்டும் வாக்களித்தால் நல்லது என்று சில நேரம் தோன்றுகிறது. பிழையா?

வாசகி, ஒட்டுசுட்டான்

*

அன்புள்ள பிள்ளை,

கடைசியாகக் கேட்டதை முதலில் எடுக்கிறேன். பிழைதான். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தெற்கு முழுக்கப் பயமும் கோபமுமாக இருந்தது. அந்த நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு 69 இலட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன. அவருக்குப் பின்னால் 'வியத்மக' என்று அணிதிரண்டு நின்றவர்கள் பேராசிரியர்கள், மருத்துவர்கள், பெரிய கம்பனிகளை நடத்தியவர்கள். படிப்புக்கு அங்கே ஒரு குறையும் இருக்கவில்லை. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். அந்தப் பெரும்போகத்தில் உங்கள் அண்ணாவின் வயல் எப்படி இருந்தது என்று அவரையே கேளுங்கள். அந்தத் தீர்மானத்தை எடுத்தவரைக் கதிரையில் ஏற்றியதில் அண்ணாவின் பங்கைவிடப் பட்டதாரிகளின் பங்கு அதிகம்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கோபப்படக் காரணமா இல்லை? வவுனியாவில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு கேப்பாப்பிலவில், படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணி வாசலிலேயே சனம் குந்தியிருந்தது. இதைப் பார்த்த பிறகும் ஒருவர் கோபமே இல்லாமல் வாக்களிக்கப் போனால், அவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தல் என் கண்ணுக்குள் நிற்கிறது. யுத்தம் முடிந்தபோது சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியே விடப்பட்ட என் மாமி ஒருவர் வைரவபுளியங்குளத்தில் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் தங்கியிருந்தார். மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கையில் இருந்தது ஒரு பொலித்தீன் பைதான். அதற்குள் மகனின் பிறப்புச் சான்றிதழும் இரண்டு படங்களும். தேர்தலன்று காலையில் குளித்து, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு போய், அன்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்தார். அன்னம் சரத் பொன்சேகாவின் சின்னம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, அந்த யுத்தத்தை நடத்திய இராணுவத் தளபதி அவர். நான் வாய் திறக்கவே இல்லை. மாமியே சொன்னார்: "ஆளை எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் போட்டனான். ரெண்டு பேரில ஒருத்தனை இறக்க வேற வழி என்ன கிடக்கு?"

வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மகிந்த ராஜபக்ஷவைவிட அதிக வாக்கு பொன்சேகாவுக்குத்தான் கிடைத்தது. நாட்டில் வென்றவர் மகிந்த. அது வேறு கதை. எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறிய அந்த மனுசி எவ்வளவு கோபத்தோடு போனாரோ அவ்வளவு கணக்கோடும் போனார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தன் வாக்கு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் அண்ணாவிடம் இல்லாதது அந்தக் கணக்கு. ஜனாதிபதித் தேர்தலில் ஒருவரை இறக்கவேண்டும் என்ற கோபம் மட்டும் ஓரளவு போதும். பாராளுமன்றத் தேர்தல் அப்படிப்பட்டதில்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றுக்கும் சேர்த்து 6 ஆசனங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் 9 பேர். சின்னத்துக்கு நேரே போடும் புள்ளடி அந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைத் தீர்மானிக்கும். அந்த ஆசனத்தில் இருக்கப்போவது யார் என்பதைக் கீழே இருக்கும் இலக்கங்கள்தான் தீர்மானிக்கும். மூன்று பேர் வரை தெரிவு செய்யலாம். அண்ணா அதை வெறுமையாக விட்டபோது, தான் கோபத்தோடு கொண்டுவந்த கட்சிக்குள் ஆளைத் தெரிவு செய்யும் வேலையை முன்பின் தெரியாத யாரிடமோ கொடுத்துவிட்டார்.

இன்னொன்று. 2024 நவம்பரில் இங்கே முதலாவதாக வந்த தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாக்குகள். ஆசனம் 2. மாவட்டத்தில் முதலிடம் பிடிக்கும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் உண்டு. மற்ற நான்கும் நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 5 வீதத்துக்குக் கீழே எடுத்த பட்டியல்கள் கணக்கிலேயே சேராது. இது தெரிந்துகொண்டே ஒருவர் தேசிய மக்கள் சக்திக்கோ, தமிழரசுக் கட்சிக்கோ, ஒரு சுயேச்சைக் குழுவுக்கோ போட்டால் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஒருவருக்குப் பாடம் படிப்பிக்கப் போட்ட வாக்கு, சிதறி அவருக்கே ஆசனமாகத் திரும்பி வந்ததைக் கண்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அதுதான் கவலை.

உள்ளூராட்சித் தேர்தலில் நிலைமை இன்னும் மோசம். அதில் நானும் குற்றவாளி. 2018 பெப்ரவரியில் ஒரு கட்சி மீது எனக்குக் கடும் கோபம். காணி விடுவிப்பைப் பற்றி மேடையில் ஒன்றும் கொழும்பில் வேறொன்றும் பேசுகிறார்கள் என்ற கோபம். சரியான கோபம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். போய் வேறொரு சின்னத்துக்குப் போட்டேன். அந்த வாக்குச்சீட்டில் ஆட்களின் பெயரே இராது, சின்னங்கள் மட்டும்தான். உங்கள் வட்டாரத்தில் யார் நிற்கிறார் என்பதை வீட்டிலேயே அறிந்துகொண்டு போகவேண்டும். நான் அறியவில்லை.

நான் தண்டித்த கட்சியின் சார்பில் எங்கள் வட்டாரத்தில் நின்றவர் முன்பள்ளி ஆசிரியை ஒருவர். எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு மதகு உடைந்து கிடந்தது. கார்த்திகை மழைக்கு அதில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு கடப்பார்கள். அந்த மதகுக்காகப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொண்டு அலைந்த ஒரே ஆள் அந்த ஆசிரியைதான். தோற்றுப்போனார். வென்றவரை அதற்குப் பிறகு அந்த மதகடியில் நான் காணவில்லை. காணி விடுவிப்பதற்குப் பிரதேச சபைக்கு என்ன அதிகாரம்? மதகு கட்ட அதிகாரம் இருந்தது. கொழும்புக்குப் போகவேண்டிய என் கோபத்தை அந்த மனுசியின் தலையில் இறக்கிவிட்டேன். சந்தையில் அவரைக் காணும்போது இப்போதும் நேரே முகம் பார்க்க முடிவதில்லை.

அதனால் அண்ணாவுக்கு அரசியல் வகுப்பு எடுக்காதீர்கள். 'கோபப்படாதேங்கோ' என்றும் சொல்லாதீர்கள். எதில் கோபம் என்று கேளுங்கள். வாய்க்கால் துப்புரவா, நெல் விலையா, வன இலாகா எல்லைக்கல்லா, வீதி விளக்கா? வீதி விளக்கு என்றால் அது பிரதேச சபை. எல்லைக்கல் என்றால் கொழும்பு. விவசாயத்திலும் பள்ளிக்கூடங்களிலும் பெரும் பங்கு மாகாண சபையுடையது. அந்தச் சபையோ 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து போனது. இதை எழுதும்வரை தேர்தல் இல்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். இதில் கோபப்படும் ஒருவரைக்கூட நான் தேநீர்க் கடைகளில் சந்திக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

அடுத்த தேர்தல் வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் வட்டாரத்துக்குச் சபை எவ்வளவு செலவழித்தது என்று அங்கிருக்கும் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். கடிதத்தை நீங்கள் எழுதுங்கள், பட்டதாரி ஆயிற்றே. கையெழுத்து அண்ணாவுடையதாக இருக்கட்டும். பதிலை அவர் கையால் பிரித்து வாசிக்கட்டும். அதில் என்ன இருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.