குதிரை வேண்டாம், கிணறு போதும்

பிளஸ் டூ படிக்கும் மகன் என்.டி.ஏ. (முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதப் போகிறான், அதற்கு முன் குதிரையேற்ற வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. போலோ, பாய்மரப் படகு, விமான மாடல், மலையேற்றம் என்று புணே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமியின் கிளப் பட்டியலைப் பார்த்து மிரண்டுபோனது தெரிகிறது. நம் வீட்டுப் பிள்ளை குதிரையைக் கோயில் திருவிழாவில் பார்த்ததோடு சரி, இல்லையா?

பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். குதிரையேற்றம் அங்கே போனபின் கற்றுத் தருகிற விஷயம். லாயமும் குதிரைகளும் பயிற்றுநர்களும் கொண்ட தனிப் பிரிவே அதற்கு இருக்கிறது. கடற்படைக்குப் போகிறவர்களுக்குக் கடக்வாஸ்லா ஏரியின் பீகாக் பே துறையில் படகுப் பயிற்சி. விமானப்படைக்காரர்களுக்கு சூப்பர் டிமோனா என்ற சின்ன மோட்டார் கிளைடர். எதையும் முன்பே தெரிந்துகொண்டு வா என்று யாரும் கேட்பதில்லை.

கிளப் என்பது அங்கே பொழுதுபோக்குதான். மூன்று வருடமும், அதாவது ஆறு டெர்மும், அவனுக்கு வீடு ஸ்குவாட்ரன், அதாவது சேர்ந்து தங்கிப் பயிலும் மாணவர் பிரிவு. ஆல்ஃபா முதல் ரோமியோ வரை மொத்தம் 18 உண்டு. முப்படைப் பையன்களும் கலந்தே இருப்பார்கள். 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். டிரில், குத்துச்சண்டை, கிராஸ் கன்ட்ரி எல்லாமே ஸ்குவாட்ரன்களுக்கு இடையே போட்டி. ஓட முடியாதவனையும் சீனியர்கள் விரட்டி விரட்டி ஓட வைத்துவிடுவார்கள். உடற்பயிற்சித் தேர்விலோ படிப்பிலோ தேறாவிட்டால் ஒரு டெர்ம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், அதற்கு ரெலிகேஷன் என்று பெயர். கவலைப்படுவதானால் அதற்குக் கவலைப்படுங்கள்.

ஆகவே இந்தக் கோடையில் ஒன்றே ஒன்று: நீச்சல். ஊரில் கிணறு இருக்கிறதல்லவா? மாமாவோ சித்தப்பாவோ பக்கத்தில் நிற்க, இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்குங்கள். தண்ணீர்ப் பயத்தோடு போகிறவனுக்கு முதல் டெர்ம் ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வரும்: எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நடக்கும் எஸ்.எஸ்.பி. (படை அதிகாரித் தேர்வு வாரியம்) நேர்காணலில் பொழுதுபோக்கு கேட்பார்களே? கேட்பார்கள். தன்னைப் பற்றி எழுதித் தரும் பி.ஐ.க்யூ. படிவத்தில் அதற்கு இடமே இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் யாரோ சொன்னதைக் கேட்டு ‘புகைப்படக்கலை’ என்று எழுதிவிட்டான். ஷட்டர் ஸ்பீடு என்றால் என்ன என்று அதிகாரி கேட்க, இவன் செல்போனைத் தவிர வேறு கேமராவைத் தொட்டதில்லை. அப்புறம் எது கேட்டாலும் வாய் குழறியதாம். இன்னொருவன் ‘சைக்கிள் ரிப்பேர்’ என்று எழுதினான். பஞ்சர் ஒட்டுவதில் தொடங்கி ரிம் கோட்டம் எடுப்பது வரை அவனே பேசிக்கொண்டிருந்தானாம். உங்கள் மகன் வீட்டில் ஆடு மேய்க்கிறான் என்றால் அதையே எழுதட்டும்.

மிச்சமாகும் பணத்தைக் கணக்கு டியூஷனுக்குக் கொடுங்கள். எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணக்குக்கு. மீதி 600 பொது அறிவுத்தாள், அதில் ஆங்கிலமும் அடக்கம். எஸ்.எஸ்.பி.க்குத் தனியாக 900.

அவன் எந்த குரூப் என்று நீங்கள் எழுதவில்லையே? தரைப்படைப் பிரிவுக்கு எந்த குரூப் படித்தாலும் போதும். கடற்படை, விமானப்படை என்றால் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் கட்டாயம் படித்திருக்க வேண்டும். அதை மட்டும் உடனே பார்த்துச் சொல்லுங்கள்.