டீம் பில்டிங்னா என்ன, எப்படி பிளான் பண்ணா எல்லாரும் ஆசையா கலந்துக்குவாங்க?

கூட வேலை பாக்குறவங்க, வேலை டென்ஷன் இல்லாத ஒரு சின்ன விஷயத்த சேர்ந்து செஞ்சு ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்கிறதுதான் டீம் பில்டிங். கல்யாண வீட்ல முன்னபின்ன தெரியாத ரெண்டு பேர் சேர்ந்து பந்தி பரிமாறுனா சாயங்காலத்துக்குள்ள மாமா மச்சான்னு பேச ஆரம்பிச்சிடுவாங்கல்ல, அதே மாதிரிதான், தோத்தாலும் நஷ்டமில்லங்கிறதால பயம் போயிடுது, பயம் போனாத்தான் ஆபீஸ்லயும் "எனக்கு இது புரியல"ன்னு வாய் திறப்பாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மார்ஷ்மெல்லோ சேலஞ்ச்ங்கிற விளையாட்டு, மார்ஷ்மெல்லோன்னா பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்குற ஒரு மிட்டாய். நாலு நாலு பேரா பிரிச்சு 20 ஸ்பகெட்டி குச்சி (வேகவைக்காத நீளமான பாஸ்தா), ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், உச்சில வைக்க ஒரு மார்ஷ்மெல்லோ குடுங்க, இத வச்சு 18 நிமிஷத்துல யார் கட்டுற டவர் உயரமா நிக்குதுன்னு பாக்கணும். டாம் வூஜெக்ங்கிற டிசைன் நிபுணர் 2010 டெட் (TED) மேடைப் பேச்சுல இதப் பத்தி சொல்லிருக்கார், பிசினஸ் ஸ்கூல் ஆளுங்கள விட கிண்டர்கார்டன் பசங்க நல்லா கட்டுறாங்களாம், ஏன்னா பெரியவங்க பிளான் போட்டே நேரத்த ஓட்டிட்டு மார்ஷ்மெல்லோவ கடைசில வைக்கிறப்ப மொத்தமும் சரிஞ்சிடும், பசங்க ஆரம்பத்துலேர்ந்தே வச்சு வச்சுப் பார்ப்பாங்க. முடிஞ்சதும் என்ன நடந்துச்சுன்னு கொஞ்ச நேரம் பேச விடுங்க, நிறைய பேர் இத விட்டுடுறாங்க, முக்கியமானதே அதுதான். ஆபீஸ் நேரத்துலயே வைங்க, ஞாயித்துக்கிழமைல கை வைக்காதீங்க.

ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பிரியாணி போட்டாதான் டீம் பில்டிங்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அது வெறும் அவுட்டிங், இதுக்கு மீட்டிங் ரூமும் ஒரு மணி நேரமும் போதும்.