துணியைப் பார்க்கும் முன் கொக்கியைப் பாருங்கள்

தினமும் சைக்கிளில் அலுவலகம் போகிறேன், கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பன்னியர் பைகளில் எது பல வருஷம் தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலியில் பெருமாள்புரத்திலிருந்து வண்ணார்பேட்டை, சுலோச்சனா முதலியார் பாலம், ஈரடுக்கு மேம்பாலம் வழியாக டவுனுக்கு மிதிக்கிறவன். இதுவரை இரண்டு பைகள் போய்விட்டன. இரண்டிலுமே துணி கிழியவில்லை.

முதல் பை போனது கொக்கியால். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியது. கேரியர் கம்பியைவிடக் கொக்கியின் வாய் அகலம். ஒவ்வொரு வேகத்தடையிலும் லொடக் லொடக்கென்று அடித்துக்கொண்டே வந்தது, ஒரு நாள் மேம்பாலத்து இறக்கத்தில் பட்டென்று முறிந்துவிட்டது. உள்ளே தூக்கில் சொதி, சொந்தக்காரர் வீட்டு மறுவீட்டு விருந்தில் கொடுத்துவிட்டது. பை போனதைக்கூட மறந்துவிட்டேன், சொதி போனதை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் கொக்கியில் ஆட்டமே இருக்கக் கூடாது. ஜெர்மனியின் ஆர்ட்லீப் பைகளில் மெலிந்த கம்பிக்கு ஏற்பக் கொக்கிக்குள் செருகிக்கொள்ளச் சிறு துண்டுகள் தருகிறார்கள். வேறு பையென்றால் பழைய டியூபை வெட்டிக் கம்பியில் சுற்றிவிடுங்கள், அதுவே போதும். கொக்கியை ரிவெட் அடித்திருக்கிறார்களா, ஸ்க்ரூ போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஸ்க்ரூ என்றால் முறிந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். பையின் அடிப்பக்கத்தை இழுத்துப் பிடிக்க இன்னொரு கொக்கி வேண்டும், இல்லாவிட்டால் குழியில் இறங்கும்போது பை சக்கரக் கம்பியில் போய் உரசும்.

இரண்டாவது பை 600 டெனியர் (டெனியர் என்பது நூலின் கனத்தைச் சொல்கிற அளவு) பாலியெஸ்டர், உள்ளே தண்ணீர் புகாமலிருக்கப் பாலியூரிதேன் பூச்சு. நம்ம ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் மூன்றாம் வருஷம் அந்தப் பூச்சு பிசுபிசுத்து, பொருக்குப் பொருக்காகச் சட்டையிலெல்லாம் ஒட்டியது. அப்புறம் ஐப்பசி மழைக்கு அது வெறும் சல்லடைதான். லாரித் தார்ப்பாய் மாதிரி பிவிசி பூசிய துணி இதைவிடப் பல மடங்கு உழைக்கும். ஜிப் வேண்டாம், புழுதி ஏறினால் சிக்கிக்கொள்ளும். வாயை மூன்று சுருட்டுச் சுருட்டிப் பூட்டுகிற வகையாக வாங்குங்கள். ஓரங்களைத் தைக்காமல் சூட்டில் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது.

ஆர்ட்லீப் இப்படித்தான் செய்கிறது, ஆனால் ஒரு ஜோடியின் விலைக்குச் சாதாரண சைக்கிளே வாங்கிவிடலாம். ஏழெட்டு கிலோமீட்டருக்கு அது எனக்கு அதிகம். இப்போது என்னிடம் இருப்பது தார்ப்பாய் தைக்கிற ஒருவர் தைத்துக் கொடுத்தது. "அண்ணாச்சி, தையல் போட்டா ஊசி ஓட்டை வழியா தண்ணி எறங்கத்தான் செய்யும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இறங்கத்தான் செய்கிறது. ஜவுளிக்கடைப் பாலிதீன் பைக்குள் கோப்புகளைப் போட்டு உள்ளே வைக்கிறேன், ஒன்றும் நனைந்ததில்லை.

வாங்குவதற்கு முன் பையை மாட்டி ஒரு தடவை மிதித்துப் பாருங்கள், குதிகால் இடிக்கிறதா என்று. இடித்தால் பையைப் பின்னால் தள்ளி மாட்ட இடம் இருக்க வேண்டும். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று பலவற்றில் அதிலேயே பொறித்திருக்கும்.

முதலில் உங்கள் கேரியர் கம்பி எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று அளந்து எழுதுங்கள். எந்தப் பை என்பதை அப்புறம் பேசலாம்.