கீழ்ச் செட்டு டப்பாவிலேயே கிடக்கிறது!

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. ரப்பர் தோட்டத்தில் 30 வருடம் பால்மரம் வெட்டியவர். மேல்வரிசையில் முழுப் பல்செட்டு வைத்துப் பல வருடம் ஆகிறது, தொல்லை இல்லை. கீழே மிச்சமிருந்த நான்கு பல்லையும் போன வருடம் பிடுங்கி, உடனே செட்டும் செய்தோம். அது பேசினாலே எழும்பி வருகிறது. இப்போது டப்பாவில் கிடக்கிறது. எல்லாப் பல்லும் இம்பிளாண்ட் போடலாம் என்கிறார் கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன். வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் கட்டுகிற ஆள் இருக்கிறார் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு, வெற்றிலையும் போடுவார். என்ன செய்வது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் அம்மாவைத் திட்டாதீர்கள். "காசு கொடுத்துச் செய்ததைப் போடமாட்டேன் என்கிறார்" என்று பிள்ளைகள் குறைபடுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். மேல்செட்டு அண்ணம் முழுக்கப் படிந்து, எச்சிலின் பிடிப்பில் ஒட்டி நிற்கும். கீழ்ச்செட்டுக்கு அந்த வசதி கிடையாது. லாடம் மாதிரி ஒரு சின்ன வளைவு, நடுவில் ஓயாமல் அசைகிற நாக்கு. அது எழும்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பல் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு கரையும். முதல் வருடத்தில்தான் அது வேகமாகக் கரையும். பிடுங்கிய கையோடு செய்த செட்டு, அன்றைய ஈறுக்கு அளவெடுத்தது. ஈறு இப்போது இறங்கிவிட்டது, செட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் புதிதாக எதையும் வாங்குமுன், செய்த இடத்துக்கே போய், உள்பக்கத்தை இன்றைய ஈறுக்கு ஏற்ப நிரப்பித் தரச் சொல்லுங்கள். இதை 'ரிலைன்' என்பார்கள். அரசாங்கப் பல் கிளினிக்கிலும் கேட்டுப் பார்க்கலாம். செலவு குறைவு, காத்திருப்புத்தான் நீளும்.

அதற்கும் அடங்கவில்லையென்றால் அண்ணன் சொன்ன இம்பிளாண்ட் பக்கம் போகலாம், ஆனால் அவர் சொன்ன அளவுக்கு வேண்டாம். கீழ்த்தாடை எலும்பின் முன்பக்கம் பதிக்கிற இரண்டே டைட்டானியம் திருகு, அதன்மேல் பொத்தான் மாதிரி மாட்டிக் கழற்றுகிற செட்டு. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சை இதுதான் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். என் கருத்தும் அதுவே. டைட்டானியத்தோடு எலும்பு பின்னிக்கொள்ளும் என்பதை வைத்து, சுவீடனின் பிரோனமார்க் 1965-இலேயே மனிதருக்குப் பல் பொருத்திவிட்டார், ஆகவே புதிய சோதனை என்று பயப்பட வேண்டாம். எலும்பு பிடிக்கச் சில மாதம் ஆகும். ஒரு திருகுக்கே சில ஆயிரம் வெள்ளி ஆகலாம். அண்ணன் பங்கு போடட்டும்!

பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டுகிற 'பிரிட்ஜ்' பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டாலும் பயனில்லை. தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் பல் இருந்தால்தான் பிரிட்ஜ்.

இனிப்பு நீர் இருந்தாலே இம்பிளாண்ட் கூடாது என்றில்லை. கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால்தான் புண் ஆறாது, திருகைச் சுற்றிச் சீழ் பிடிக்கும். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் கொண்டுபோங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

என்னை உண்மையில் யோசிக்க வைத்தது வெற்றிலைதான். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்டது. தோட்டத்து அம்மாமார் பலருக்குப் பாக்கினால் கன்னம் இறுகி வாய் சரியாகத் திறக்காது. திறக்காத வாயில் எந்தச் செட்டையும் மாட்ட முடியாது. அம்மாவின் மூன்று விரல் செங்குத்தாக அவர் வாய்க்குள் நுழைகிறதா பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண் எதுவும் இருந்தால் பல்செட்டைத் தள்ளி வைத்து முதலில் அதைக் காட்டுங்கள்.

வீட்டுக்கு வரும் ஆளா? வேண்டவே வேண்டாம். இங்கே பல் மருத்துவம் பார்க்க மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு வேண்டும், ஆண்டுதோறும் உரிமச் சான்றிதழும் எடுக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. வரவேற்பறையில் சோபாவில் உட்கார வைத்து அளவெடுப்பவர் கருவியை எதில் கொதிக்க வைத்தார் என்று யாருக்குத் தெரியும்? அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், செட்டு சரியான பிறகும் அம்மா புந்தோங் கச்சாங் பூத்தே மாதிரிக் கடினமான நொறுக்குத் தீனியில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் இட்லி, குழைந்த சோறு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மென்று பழகட்டும். ராத்திரி கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். சுடுதண்ணீரில் செட்டு வளைந்துவிடும்.

கிளினிக்குக்குப் போகும்போது அந்த டப்பாவை மறக்காதீர்கள். செட்டை வீட்டில் விட்டுவிட்டு வாயை மட்டும் காட்ட வருபவர்களை இன்னொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பத்தான் முடியும்.