அயனிக்கு அதிக வேலை இருக்காது என்றவர்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே தன் நண்பரான வேதியியலாளர் ஷோன்பைனுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் வேறு எதிலும் மனம் போகவில்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் 22 வருடமாக வேதியியல் நடத்துகிறேன். ஃபாரடேயின் மின்னாற்பகுப்பு விதிகளை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள். எனக்கு இரண்டு சந்தேகம். விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததெல்லாம் அவர்களுடைய ஆய்வுக்கட்டுரைகளிலேயே வந்துவிட்டது. அப்புறம் கடிதங்களில் என்ன இருக்கப்போகிறது? நலம் விசாரிப்பும் வீட்டு விஷயமும்தானே? இன்னொன்று, உடம்பு முடியாத ஒருவர் நண்பருக்கு மட்டும் என்று எழுதியதை நாம் படிப்பது சரியா? பிள்ளைகளிடம் வாசித்துக் காட்ட ஆசையாக இருக்கிறது, தயக்கமாகவும் இருக்கிறது.

க., தஞ்சாவூர்

அன்புள்ள டீச்சருக்கு,

முதல் கேள்விக்கு உங்கள் கரும்பலகையிலிருந்தே பதில் சொல்லலாம். மின்னாற்பகுப்பு, அதாவது கரைசலுக்குள் மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிப்பது, நடத்தும்போது ஆனோடு, கேத்தோடு, அயனி என்று எழுதுவீர்கள் இல்லையா, மூன்றும் கடிதத்தில் பிறந்த சொற்கள்.

ஃபாரடே கொல்லரின் மகன். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகப் போனவர். கிரேக்கம், லத்தீன் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கரைசலுக்குள் மின்சாரம் நுழைகிற இடத்தையும் வெளியேறுகிற இடத்தையும் அதுவரை எல்லோரும் 'துருவம்' என்றுதான் சொல்லிவந்தார்கள். துருவம் என்று சொன்ன உடனேயே அது காந்தம் மாதிரி இழுக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். அவருடைய சோதனைகள் அப்படிக் காட்டவில்லை. பழைய சொல்லை வைத்துக்கொண்டால் பழைய தப்பும் கூடவே வரும். அதனால் 1834 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல்லுக்கு எழுதி, நல்ல சொல் வேண்டும் என்று கேட்டார். ஆங்கிலத்தில் 'சயன்டிஸ்ட்' என்ற சொல்லையே உருவாக்கியவர் இந்த ஹியூவெல்.

ஃபாரடே மனதில் ஒரு படம் இருந்தது. பூமியைச் சுற்றிக் கிழக்கிலிருந்து மேற்காக மின்சாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரைசலையும் அதே திசைக்கு வைத்தால் ஒரு முனை சூரியன் ஏறும் பக்கம், மற்றது இறங்கும் பக்கம். ஹியூவெல் அதைப் பிடித்துக்கொண்டு, கிரேக்கத்திலிருந்து ஏறுவழிக்கு ஆனோடு, இறங்குவழிக்குக் கேத்தோடு என்று எடுத்துக் கொடுத்தார். ஃபாரடேக்குத் தயக்கம். வேறு சில ஜோடிச் சொற்களை எழுதி அனுப்பினார். ஹியூவெல் விடவில்லை. மே 5 அன்று, முன்பு சொன்னவைதான் எல்லாவற்றையும்விட மேல் என்று பதில் எழுதினார். அந்த முனைகளை நோக்கிப் போகிறவற்றுக்கு 'அயன்' என்ற சொல்லையும் தந்தார். கிரேக்கத்தில் 'போவது' என்று பொருள். (நம் உத்தராயணத்தில் உள்ள அயனமும் 'போவது'தான். இரண்டுக்கும் மூல வேர் ஒன்றே. பாடப்புத்தகத்தில் 'அயனி' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.)

மே 15 அன்று ஃபாரடே எழுதிய பதிலை நான் பலமுறை படித்திருக்கிறேன். உங்கள் சொற்களை எடுத்துக்கொண்டேன் என்கிறார். இங்கே சிலர் கடுமையாக எதிர்த்தார்கள், எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்து மகனோடும் கழுதையோடும் போனவன் கதை ஆகிவிட்டது என் நிலைமை, ஆனால் உங்கள் பெயரைக் கேடயமாகத் தூக்கிக் காட்டியதும் எதிர்ப்பு அப்படியே கரைந்துவிட்டது என்கிறார். சொற்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் அயனிக்கு வரும்போது, இதற்கு எனக்கு அதிக வேலை இருக்காது என்று எழுதுகிறார்.

டீச்சர், இதை எந்தக் கட்டுரையில் படிக்க முடியும்? அதே வருடம் வந்த அவருடைய கட்டுரையில் சொற்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. இரண்டு நண்பர்களோடு யோசித்து அவர்கள் உதவியோடு அமைத்தவை என்ற அளவில் விஷயம் முடிந்துவிடுகிறது. அவர் தடுமாறியதும், தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டதும், தன் சொல்லின் எதிர்காலத்தைத் தப்பாகக் கணித்ததும் கடிதத்தில்தான் இருக்கின்றன. கட்டுரை அவருக்குத் தெரிந்ததைச் சொல்லும். தெரியாததைக் கடிதம்தான் சொல்லும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி ஷோன்பைன். 1836 மே மாதம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலிருந்து அவர் ஃபாரடேக்கு எழுதினார். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்புக் கம்பியை விட்டால் பொங்கிக் கரைகிறது. அடர் அமிலத்தில் விட்டால் சும்மா கிடக்கிறது. அடர் அமிலத்தில் நனைத்து எடுத்த கம்பியை மறுபடி நீர்த்த அமிலத்தில் விட்டாலும் கரைய மாட்டேன் என்கிறது. ஏன்? ஃபாரடே அந்தக் கடிதத்தை ஃபிலசாஃபிகல் மேகசின் இதழில் அச்சேற்றினார். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஷோன்பைன் அதை ஏற்கவில்லை. வாதம் பண்ணிக்கொண்டே நண்பர்கள் ஆனார்கள். நம் வீட்டு எவர்சில்வர் தட்டு துருப்பிடிக்காமல் இருப்பது அதேபோன்ற ஒரு படலத்தால்தான். அதில் குரோமியம் ஆக்சைடு.

அந்தக் காலத்தில் கடிதமே பாதி ஆய்வுக்கட்டுரை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னாற்பகுப்பின்போது வரும் விநோத வாசனையைப் பற்றி, அதாவது பின்னால் அவர் ஓசோன் என்று பெயரிட்டதைப் பற்றி, ஷோன்பைன் 1840இல் ஃபாரடேக்கு எழுதிய கடிதம் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. ஃபாரடேயும் அவரிடம் எதையும் ஒளிக்கவில்லை. 1845 நவம்பர் 13 அன்று, காந்தத்துக்கும் ஒளிக்கும் நேரடித் தொடர்பு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன், யாரையும் பார்ப்பதில்லை, வேலை மட்டும்தான், அது என்ன என்று விளக்கக்கூட நேரமில்லை என்று எழுதினார். ராயல் சொசைட்டியில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட இன்னும் ஒரு வாரம் இருந்தது.

இயற்பியலாளர் மாக்ஸ்வெல்லையும் சொல்லாமல் விட முடியாது. 1857இல் ஃபாரடேக்கு 66 வயது, மாக்ஸ்வெல்லுக்கு 26. காந்தத்தையும் மின்சாரத்தையும் சுற்றி விசை பரவுவதைக் கோடுகளாகக் கண்ட ஃபாரடேயின் விசைக்கோடுகளை மாக்ஸ்வெல் கணிதத்தில் எழுதி அனுப்பியபோது, இவ்வளவு கணிதத்தைப் பார்த்து முதலில் பயந்தே போனேன், பிறகு விஷயம் அதைத் தாங்கி நிற்பதைப் பார்த்து வியந்தேன் என்று ஃபாரடே எழுதினார். அந்த வருடம் நவம்பரில் இன்னொன்று கேட்டார். கணிதத்தில் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் அதே தெளிவோடு சொல்ல முடியாதா, சொன்னால் எங்களைப் போன்றவர்கள் சோதனை செய்து பார்க்கலாமே என்று. உலகம் கொண்டாடிய மனிதர், 40 வயது சின்னவரிடம் கேட்கிறார்.

எல்லாக் கடிதத்துக்கும் இப்படி ஆள் அமைந்துவிடாது. பட்டாணிச் செடிகளை வைத்துப் பரம்பரைக் குணங்களை ஆராய்ந்த துறவி மெண்டல், 1866 டிசம்பர் 31 அன்று தன் கட்டுரையை மியூனிக்கில் இருந்த தாவரவியலாளர் நேகெலிக்குக் கடிதத்தோடு அனுப்பினார். பதில் வந்தது. மெண்டல் 140 பொட்டலம் விதையும் அனுப்பிவைத்தார். கட்டுரையில் இருந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பது நேகெலிக்கு எட்டவில்லை. நேகெலி ஆர்வத்தோடு ஆராய்ந்துவந்தது ஹீராசியம் என்ற மஞ்சள் பூச்செடியை. மெண்டலும் அதில் வருடக்கணக்காகப் பாடுபட்டார். அது பெரும்பாலும் கருவுறாமலே விதை வைக்கிற செடி. அன்று யாருக்கும் அது தெரியாது. பட்டாணியில் வந்த விகிதம் அதில் வரவே வராது. அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது, மரியாதையாக, பொறுமையாக, ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கம் சொல்லும் அந்தத் துறவியை நினைத்து எனக்கு நெஞ்சு அடைக்கும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. 1862 செப்டம்பர் 19. ஃபாரடேக்கு 71 வயது நிறைய மூன்று நாள் இருந்தது. பல வருடங்களாகவே ஞாபகம் தப்பிப்போவதைப் பற்றி நண்பரிடம் சொல்லிவந்தவர். அன்று எழுதியது சில வரிகள்தான். திரும்பத் திரும்ப என் கடிதங்களைக் கிழித்துப் போடுகிறேன், எழுதுவது உளறலாக இருக்கிறது. எழுத்துக்கூட்ட முடியவில்லை, ஒரு வரியைத் தொடர்ந்து எழுத முடியவில்லை. இந்தக் குழப்பத்திலிருந்து மீள்வேனா தெரியாது. இனி எழுத மாட்டேன். உனக்கு என் அன்பு.

ஒரு சொல் பிசகக் கூடாது என்று ஹியூவெல்லுக்கு மறுபடி மறுபடி எழுதியவர்தான் இவர். தப்பான வரி நண்பர் கைக்குப் போகக் கூடாது என்று இப்போதும் கிழித்துப் போடுகிறார். இதை அந்தரங்கத்தில் எட்டிப் பார்ப்பதாக என்னால் நினைக்க முடியவில்லை. ஷோன்பைன் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். ஃபாரடே 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். அடுத்த வருடம் ஆகஸ்ட் 29 அன்று ஷோன்பைனும் போய்விட்டார். இருவரின் கடிதங்களும் 1899இல் அச்சாயின. ஒளித்துவைக்க வேண்டியது என்று யாரும் கருதவில்லை.

வாசித்துக் காட்டுங்கள் டீச்சர். ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த மனிதரைப் பிள்ளைகள் முதலில் நோயாளியாகச் சந்திக்கக் கூடாது. மின்னாற்பகுப்பு நடத்தும் அன்று 1834 மே 15 கடிதத்தைச் சொல்லுங்கள், கழுதைக் கதையோடு. அயனிக்கு அதிக வேலை இருக்காது என்ற இடத்தில் வகுப்பு என்ன செய்தது என்று எனக்கு எழுதுங்கள்.