850 அடியிலும் புகைதான்: பக்கத்துத் தோட்டத்தில் மட்டும் தண்ணீர் எப்படி?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் எங்கள் தோட்டம். 850 அடி வரை போர் போட்டும் தண்ணீர் இல்லை, கல்தூள் புகைதான் பறந்தது. 120 அடி தள்ளி, பக்கத்துத் தோட்டத்தில் 280 அடியிலேயே இரண்டு இன்ச் தண்ணீர். 1,200 அடி போனால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்கிறார் போர் வண்டிக்காரர். போகலாமா?

பதில்: வேண்டாம். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம்.

காவிரி டெல்டா மாதிரி மணல் படிந்த பூமியில் மணலுக்கு நடுவே எங்கும் தண்ணீர் நிற்கும். உங்கள் பக்கம் அப்படியில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறைதான். உங்களுக்குக் கீழே இருப்பது நைஸ், சார்னோகைட் வகை. இந்தக் கல்லுக்குள் தண்ணீர் தங்க இடமே கிடையாது. ஓடுவதெல்லாம் வெடிப்புகளில், போர் வண்டிக்காரர்கள் ‘கேப்’ என்பார்களே, அதில்தான்.

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. ஒரு வெடிப்பின் வாயகலம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் நீர் எட்டு மடங்காகும். அரை மில்லிமீட்டர் வெடிப்பு ஒன்று தருகிற தண்ணீரைத் தர, 0.1 மில்லிமீட்டர் வெடிப்புகள் 125 வேண்டும். உங்கள் போரில் வெடிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. மயிரிழை வெடிப்புகள் பல இருந்திருக்கலாம், அவற்றால் பயனில்லை. பக்கத்துத் தோட்டக்காரருக்கு நல்லது ஒன்று மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே வெடிப்பு 120 அடி தள்ளி உங்களுக்கு ஏன் மாட்டவில்லை? அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். தரைமட்டத்திலிருந்து 60 டிகிரி உங்கள் பக்கமாகச் சாய்ந்திருந்தால், கணக்குப்படி ஏறக்குறைய 490 அடியில் உங்கள் போரைக் கடந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் 70 அடி வாக்கில், அதாவது மேல்மண் சரியாமலிருக்க இறக்கும் கேசிங் பைப்புக்குப் பின்னாலேயே போயிருக்கும். ஏறக்குறைய நட்டுக்குத்தலாக, 85 டிகிரியில் நின்றால்? 1,600 அடிக்கு மேல் போனால்தான் தொட முடியும். ஆறரை இன்ச் துளை, செங்குத்தான வெடிப்புக்கு இணையாக எத்தனை அடி இறங்கினாலும் சந்திக்காது. போகப் போக மேலிருக்கும் பாறையின் பாரம் வெடிப்புகளை இறுக்கிக்கொண்டே போகும். சில இடங்களில் களிமண்ணோ கால்சைட் என்ற சுண்ணக் கனிமமோ அடைத்திருக்கும். ஆழத்தில் தண்ணீர் கிடைத்த ஊர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘கண்டிப்பாக’ என்று யாரும் சொல்ல முடியாது. அடிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் சொன்னால் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்.

பக்கத்துக்காரரைப் பார்த்து ரொம்ப ஏங்கவும் வேண்டாம். வெடிப்பு வெறும் வாய்க்கால். ஏரி மேலே இருக்கிறது. அந்த ஏரி என்பது சுக்கான் பாறையும் உதிரும் பாறையுமாக உள்ள மேலடுக்குதான். உதிர்ந்த பாறை தன் கன அளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீர் விடும். வெடிப்பு அதிகமில்லாத கெட்டிப் பாறை நூற்றுக்கு அரைப் பங்கு விட்டாலே அதிகம். மேலடுக்கு வறண்டால் அவருடைய இரண்டு இன்ச்சும் கோடையில் இளைத்துவிடும்.

இந்த ஓட்டத்துக்குத் திசையும் உண்டு. அவர் மோட்டார் போடும்போது வெடிப்பின் நீளவாக்கில் அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணறு இறங்கலாம்; குறுக்கே பக்கத்தில் இருப்பது அசையாமல் இருக்கலாம். யார் கிணறு இறங்குகிறது என்று ஊரில் விசாரியுங்கள். பழைய திறந்த கிணறுகளில் இறங்கி ஊற்றுக்கண்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்றும் பாருங்கள். தரையில் மின்சாரம் செலுத்தி அடியில் உள்ள பாறையின் மின்தடையை அளக்கும் சோதனை செய்வதானால், ஒரே புள்ளியில் வைக்காமல் அந்தத் திசைக்குக் குறுக்கே வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: 500 அடியில் இருக்கும் சில மில்லிமீட்டர் வெடிப்பை மேலிருந்து எந்தக் கருவியாலும் உறுதியாகக் காட்ட முடியாது. ஆழம் குறைந்த இடத்தில்தான் அது நம்பத்தக்கது.

சரி, இருக்கும் போரை என்ன செய்வது? போர் போட்டபோது வெளியே வந்த தூள் இன்னும் குவிந்து கிடந்தால் கிளறிப் பாருங்கள். முழுக்கச் சாம்பல் நிறப் பொடி என்றால் நம்பிக்கை குறைவு. செம்பழுப்புக் கறை படிந்த சில்லுகள் இருந்தால், அந்தப் பாறையில் எப்போதோ தண்ணீர் ஓடியிருக்கிறது. வெடிப்பு தூளால் அடைபட்டிருக்கலாம். அப்புறம் ஒரு சோதனை. 850 அடி போர் நிரம்ப ஏறக்குறைய 5,500 லிட்டர் போதும். சுத்தமான தண்ணீராக ஒரு டேங்கர் ஊற்றிவிட்டு, மணிக்கு ஒரு தடவை கயிறு விட்டு மட்டம் பாருங்கள். மளமளவென்று இறங்கினால் வெளியே போக வழி இருக்கிறது. அப்படியானால் உயரழுத்த நீர் செலுத்தி வெடிப்பை அகலப்படுத்தும் ‘ஹைட்ரோ ஃபிராக்சரிங்’ செய்து பார்க்கலாம், மழைநீரை உள்ளே விடவும் அந்தப் போர் உதவும். மறுநாளும் மட்டம் அங்கேயே நின்றால், அந்தப் போருக்கு மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். குழந்தைகள் விழாதபடி வாயை வெல்டிங் வைத்து மூடிவிடுங்கள்.