கேள்வி - பதில்: மோட்டாருக்கு எத்தனை ஆம்ஸ் எம்சிபி?

எங்கள் மாவு மில்லில் 7.5 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார், டிஓஎல் (முழு வோல்ட்டையும் நேரடியாகக் கொடுக்கும்) ஸ்டார்ட்டரில் ஓடுகிறது. 16 ஆம்ஸ் சி கர்வ் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) போட்டிருக்கிறோம். ஸ்டார்ட் செய்யும்போது அடிக்கடி விழுந்துவிடுகிறது. 32 ஆம்ஸ் போட்டால் தொல்லை விட்டது என்கிறார் எலக்ட்ரீஷியன். பைப்புக்குள் போகும் வயர் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர். மாற்றலாமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

மாற்றக் கூடாது. பைப்புக்குள் போகும் 2.5 ஸ்கொயர் காப்பர் வயர் ஏறத்தாழ 20 ஆம்ஸ் தாங்கும், நம் வெயிலுக்கு அதிலும் கொஞ்சம் குறைத்தே கணக்கிட வேண்டும். 32 ஆம்ஸ் எம்சிபி விழுவதற்கு முன்பே வயரின் தோல் உருகத் தொடங்கிவிடும். மாவுத் தூசி பறக்கிற இடத்தில் அது சாதாரண ஆபத்து இல்லை.

எம்சிபி காப்பது வயரை. மோட்டாரைக் காப்பது, அளவுக்கு மீறிய கரண்ட் நீடித்தால் அதை நிறுத்திவிடும், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஓவர்லோட் ரிலே. எம்சிபியின் ஆம்ஸை மோட்டாரின் எச்பியை மட்டும் பார்த்து முடிவு செய்வதால்தான் இந்தக் குழப்பமெல்லாம் வருகிறது.

இப்போது கணக்கு. 415 வோல்ட்டில் 7.5 எச்பி மோட்டார் முழு லோடில் சுமார் 11 ஆம்ஸ் இழுக்கும். டிஓஎல்லில் ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போல் ஆறேழு மடங்கு, அதாவது 66 முதல் 77 ஆம்ஸ். ஸ்விட்ச் போட்ட முதல் நொடித்துளியில் உச்சம் இன்னும் மேலே போகும். கர்வ் என்பது எத்தனை மடங்கு கரண்டில் எம்சிபி உடனடியாக விழும் என்பதைச் சொல்லும் வகை. சி கர்வ் எம்சிபி தன் ரேட்டிங்கை, அதாவது அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்ஸைப் போல் 5 முதல் 10 மடங்குக்குள் எங்கே வேண்டுமானாலும் உடனடியாக விழலாம். 16 ஆம்ஸுக்கு அது 80 முதல் 160. உங்கள் மோட்டார் அந்தக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. ஒரு நாள் தாங்கும், ஒரு நாள் விழும்.

டி கர்வ் எம்சிபி 10 முதல் 20 மடங்கில்தான் உடனடியாக விழும். 16 ஆம்ஸ் டி கர்வ் போட்டால் வயரை மாற்றாமலே பிரச்சினை தீர வாய்ப்பு அதிகம். மில் வேகம் பிடிக்கவே ஐந்தாறு நொடிக்கு மேல் ஆகிறது என்றால், 4 ஸ்கொயர் வயர் இழுத்து 20 ஆம்ஸ் டி கர்வ் போடுங்கள். வீட்டு லைட்டுக்குப் போடும் பி கர்வை மோட்டார் பக்கமே கொண்டுவரக் கூடாது. அது 3 முதல் 5 மடங்கிலேயே விழுந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: எப்போது விழுகிறது? பட்டனை அமுக்கியதும் 'டப்' என்று விழுந்தால் மேலே சொன்ன கர்வ் விவகாரம், அல்லது வயரிங்கில் ஷார்ட். நாலைந்து நொடி உறுமிவிட்டு விழுந்தால் மோட்டார் வேகம் பிடிக்கவில்லை. ஹாப்பரில் தானியம் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்கிறீர்களா, பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கமா, பேரிங் போய்விட்டதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு விழுந்தால், கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றி மாட்டிக் கரண்ட் அளப்பது) மூன்று ஃபேஸையும் அளந்துவிட்டு, எம்சிபியின் டெர்மினல் ஸ்க்ரூவை சப்ளையை நிறுத்தி இறுக்குங்கள். தளர்ந்த ஸ்க்ரூ சூடாகி எம்சிபியைத் தானே விழ வைக்கும். எம்சிபியின் ரேட்டிங் 30 டிகிரிக்குக் கணக்கிட்டது. மே மாதத்தில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் 50 டிகிரி தாண்டினால் பத்து சதவீதம் அளவுக்கு முன்னதாகவே விழும்.

டி கர்வ் போட்டால் எர்த் நன்றாக இருந்தாக வேண்டும். 16 ஆம்ஸ் டி கர்வ் உறுதியாக உடனே விழ 320 ஆம்ஸ் பாய வேண்டும். எர்த் சரியில்லாத இடத்தில் பாடியில் கரண்ட் ஏறினால் அவ்வளவு பாயாது, எம்சிபி சும்மா நிற்கும். அதற்கு ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசியும் கரண்டை உணர்ந்து சப்ளையை நிறுத்தும் ஸ்விட்ச்) தனியாக வேண்டும்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு 5 எச்பி மோட்டார். மூன்று ஃபேஸிலும் பீஸ் கட்டை இருக்கிறது. இருந்தும் காயில் இரண்டு முறை எரிந்துவிட்டது. பீஸ் எதற்குத்தான் இருக்கிறது?
- வாசகர், ராயபுரம்

ஷார்ட் சர்க்யூட்டுக்கு. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

5 எச்பி மோட்டாரின் முழு லோடு சுமார் 8 ஆம்ஸ். ஸ்டார்ட்டிங்கைத் தாங்க 20 ஆம்ஸ் பீஸ் வேண்டும். மூன்றில் ஒரு பீஸ் மட்டும் போனால் மோட்டார் நிற்காது. மீதி இரண்டு ஃபேஸில், லோடு குறையாததால், 1.7 மடங்கு கரண்ட் இழுத்துக்கொண்டு ஓடும். சுமார் 14 ஆம்ஸ். 20 ஆம்ஸ் பீஸுக்கு 14 ஆம்ஸ் ஒரு பொருட்டே இல்லை, காயிலுக்கோ அது சாவு. நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சுற்றாமல் உறுமும், எரிவது இன்னும் சீக்கிரம். ரீவைண்டிங் கடையில் காயிலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா இடமும் சீராகக் கருகாமல் குறிப்பிட்ட ஃபேஸின் சுற்றுகள் மட்டும் கருகியிருந்தால் அநேகமாக இதுதான் காரணம்.

உங்கள் ஊரில் பீஸ் ஒரு பக்கம் மட்டும் போவதற்கு உப்புக் காற்றே போதும். கட்டையின் செம்பு காண்டாக்ட் பச்சை பூத்து, அந்த இடம் சூடாகி, கம்பி ஓவர்லோடு இல்லாமலே உருகும். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐபி 65 (தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாத) பெட்டி வாங்கி, கேபிளைக் கீழிருந்து கிளாண்ட் (கேபிள் நுழையும் ஓட்டையை இறுக்கி மூடுவது) வழியாக ஏற்றுங்கள். பீஸ் கட்டையை எடுத்துவிட்டு எம்பிசிபி (மோட்டாரைக் காப்பதற்கென்றே உள்ள பிரேக்கர்) போடுவது இன்னும் நல்லது. அதன் டயலை மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்ஸில் வைத்தால் ஓவர்லோடு, ஷார்ட் இரண்டுக்கும் விழும், மூன்று ஃபேஸும் ஒன்றாக விடுபடும். பெரும்பாலான மாடல்கள் ஒரு ஃபேஸ் போனாலும் உணரும், வாங்கும்போது கேட்டு உறுதி செய்யுங்கள். பழைய ஸ்டார்ட்டரையே வைத்திருந்தால் ஓவர்லோட் ரிலேயை 8 ஆம்ஸில் வையுங்கள். 'அடிக்கடி விழுகிறது' என்று யாரோ அதை உச்சத்துக்குத் திருப்பி வைத்திருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள்.

அதுவரை கட்டையிலேயே ஓட்டுவதென்றால், 20 ஆம்ஸுக்கு 0.6 மில்லிமீட்டர் ஈயம் பூசிய செம்புக் கம்பி. 15 ஆம்ஸுக்கு 0.5, 10 ஆம்ஸுக்கு 0.35. ஃப்ளெக்ஸிபிள் வயரிலிருந்து நாலு இழை பிய்த்து முறுக்கி வைத்தால் அது எத்தனை ஆம்ஸில் போகும் என்று வைத்தவருக்கே தெரியாது.

15 எச்பி மோட்டார் பிளேட்டில் 21 ஆம்ஸ் என்று இருக்கிறது. ஸ்டார்-டெல்டா (காயிலுக்கு முதலில் குறைந்த வோல்ட், பிறகு முழு வோல்ட் கொடுக்கும்) ஸ்டார்ட்டரின் ஓவர்லோட் ரிலே 12-ல் இருக்கிறது. தவறா?
- வாசகர், வியாசர்பாடி

சரிதான். வழக்கமான ஸ்டார்ட்டரில் ரிலே மோட்டார் காயிலுக்குப் போகும் வழியில் இருக்கும்; அங்கே மெயின் லைன் கரண்டில் 0.58 பங்கே பாய்வதால் 21-ஐ 0.58-ஆல் பெருக்க வேண்டும், 12.2 வரும். ரிலேயை மெயின் லைனில் மாட்டியிருந்தால் மட்டும் 21.

வீட்டில் 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் போர்வெல் மோட்டார். எந்த எம்சிபி?
- வாசகர், திருவொற்றியூர்

பிளேட்டில் 7 ஆம்ஸை ஒட்டி இருக்கும். 2.5 ஸ்கொயர் வயரில் டபுள் போல் 16 ஆம்ஸ் சி கர்வ் போடுங்கள். நியூட்ரலும் சேர்ந்து விடுபட வேண்டும் என்பதால் சிங்கிள் போல் வேண்டாம், நியூட்ரலில் தனியாகப் பீஸும் கூடாது. மோட்டாரின் ஓவர்லோடை பேனல் பெட்டி பார்த்துக்கொள்ளும். 30 மில்லிஆம்ஸ் ஆர்சிசிபி கட்டாயம். போர்வெல் கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கினால் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது.

விழுந்த எம்சிபியை எத்தனை முறை தூக்கலாம்?
- வாசகர், எண்ணூர்

ஒரு முறை. அதுவும் உடனே விழாமல், ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தால் மட்டும், இரண்டு நிமிடம் ஆற விட்டு. தூக்கியதும் மறுபடி விழுந்தால் மோட்டார் கேபிளைக் கழற்றி 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளவெடுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் காயிலை உலர்த்தவோ ரீவைண்ட் செய்யவோ கொடுங்கள். கேபிளையும் தனியாக அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான்.